ஸ்கேன் அறைக்குள் அனுப்பும் முன் எங்களிடம் பேசுங்கள்

வட சென்னையில் சி.டி. ஸ்கேன் மையங்களை நடத்துவோருக்கும், அங்கே பணியாற்றும் தொழில்நுட்பர்களுக்கும், கதிரியல் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோர்க்கு வணக்கம்.

இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலும், மேற்கே பெரம்பூர், மாதவரம், மணலி வரையிலும் பரந்து கிடக்கும் நம் பகுதியில் சி.டி. ஸ்கேன் என்பது இப்போது அரிய பரிசோதனை அல்ல. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஸ்கேன் மையங்களை நடத்துகிறது. தனியார் மையங்கள் கடைத்தெருக்களிலேயே வந்துவிட்டன. தலையில் அடிபட்டவர், சிறுநீரகக் கல்லால் துடிப்பவர், இருமல் விடாதவர், வயிற்றுவலி காரணம் தெரியாதவர் என எல்லாரும் என்றாவது ஒருநாள் உங்கள் வாசலுக்கு வந்தே தீர வேண்டியிருக்கிறது. அப்படி முதன்முறையாக வருகிறவரிடம், அவர் மேசைமேல் படுப்பதற்கு முன்பாக, என்ன நடக்கப்போகிறது, ஏன் நடக்கிறது, அவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சில நிமிடங்கள் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். இதை மரியாதைக்காகச் செய்யும் உபசாரமாக நான் கருதவில்லை. பரிசோதனையின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். அதற்கான காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மடலின் கோணம் அதிலிருந்துதான் வருகிறது. நான் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உயர் அழுத்தக் குழாய்களின் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அங்கேயும் ரேடியோகிராஃபி எடுப்பார்கள். சில வேளைகளில் எக்ஸ்ரே குழாய், பெரும்பாலும் இரிடியம் 192 என்னும் கதிரியக்கப் பொருள். ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தால், வெல்டிங்கில் காற்று அகப்பட்ட இடம் கரும்புள்ளியாகவும், கசடு சிக்கிய இடம் ஒழுங்கற்ற கருங்கோடாகவும், அடிவரை உருகிச் சேராத இடம் நடுவில் நேர்க்கோடாகவும் தெரியும். பல ஆண்டுகள் அந்த ஃபிலிம்களைப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. ஆகவே எக்ஸ் கதிர் எனக்குப் புதிதல்ல. அது என் உடம்புக்குள் செல்வதுதான் புதிது.

தொழிற்சாலையில் ரேடியோகிராஃபி எடுக்கும் இரவு எப்படி இருக்கும் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். பகல் பணியாளர்கள் போன பிறகுதான் பெரும்பாலும் அந்த வேலை நடக்கும். எந்தப் பகுதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று முன்பே அறிவிப்பு வரும். கயிறு கட்டுவார்கள், சிவப்பு விளக்கு எரியும், கதிரியக்க எச்சரிக்கையான மூவிதழ் குறியுள்ள பலகை தொங்கும். கயிற்றின் ஓரத்தில் மீட்டரைப் பிடித்து அளவு பார்ப்பார்கள். தேநீர் கொண்டுவரும் பையனுக்குக்கூட எந்தப் பக்கம் வரக் கூடாது என்பது சொல்லப்பட்டிருக்கும். இரும்புக் குழாயைப் படம் எடுப்பதற்கு இவ்வளவு பேச்சு நடந்த உலகத்திலிருந்து வந்தவனுக்கு, மனிதரைப் படம் எடுக்கும் இடத்தில் நிலவிய பேச்சின்மை பெரிய வியப்பாக இருந்தது.

எனக்கு ஸ்கேன் தேவைப்பட்ட காரணம் எளியது. வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில் கல்லீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. அது என்னவென்று உறுதி செய்ய, படத்தில் உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் மருந்தைச் செலுத்தி சி.டி. எடுத்து வரும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நம் பகுதியில் உள்ள ஒரு மையத்துக்குச் சென்றேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அங்கிருந்தவர்கள் கெட்டவர்களும் அல்லர், சோம்பேறிகளும் அல்லர். பணம் கட்டிய இரசீதோடு ஒரு படிவத்தையும் நீட்டினார்கள். அது முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது; கையெழுத்துக்கான இடம் மட்டும் பெருக்கல் குறியிட்டுக் காட்டப்பட்டது. பிறகு முழங்கையின் உள்மடிப்பில் ஊசிக்குழாய் ஏற்றினார்கள். பிறகு காத்திருப்பு. பிறகு பெயரைக் கூப்பிட்டு, இடுப்பிலிருந்த சாவியையும் அரைஞாண் கயிற்று வெள்ளியையும் கழற்றச் சொல்லி, மேசையில் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கதவு சாத்தப்பட்டதிலிருந்து அது திறக்கும் வரை எனக்குள் எழுந்த கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் பதில் இருந்தது என்பதைப் பிற்பாடுதான், ஓய்வுபெற்றவனுக்கு இருக்கும் நேரத்தில் தேடிப் படித்து, தெரிந்த கதிரியல் மருத்துவர் ஒருவரிடமும் கேட்டு அறிந்தேன்.

கருவியைப் பற்றிய அச்சம் எனக்கு அதிகம் இல்லை. வெளியே காத்திருந்த பலருக்கு இருந்தது. "குழாய்க்குள் தள்ளி மூடிவிடுவார்களாம்" என்று ஒருவர் சொல்ல, அதை நம்பி இன்னொருவர் எழுந்து போகவும் தயாராக இருந்தார். அவர்கள் எம்.ஆர்.ஐ. கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டதை இதன்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சி.டி. கருவி இருபுறமும் திறந்த ஒரு வளையம். நடுத்துளை சுமார் 70 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. வளையத்துக்குள் ஒரு பக்கம் எக்ஸ்ரே குழாயும் எதிர்ப்பக்கம் உணர்விகளும் சேர்ந்து சுழல, மேசை நம்மை அதனூடாக நகர்த்துகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. படம் எடுக்கும் நேரம் நொடிக்கணக்கில்தான். மற்ற நேரமெல்லாம் ஆயத்தத்துக்கே போகிறது. இதைக் காத்திருப்போர் கூடத்தில் யாராவது ஒருவர் உரக்கச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் எழுந்து நின்றிருக்க மாட்டார்.

வெல்டிங் ஃபிலிம் பார்த்தவனுக்கு இந்தக் கருவியின் அருமை உடனே விளங்கும். குழாயின் ஒரு பக்கத்திலிருந்து கதிரைச் செலுத்தி மறுபக்கத்தில் ஃபிலிம் வைத்தால், முன்சுவரில் இருக்கும் குறையும் பின்சுவரில் இருக்கும் குறையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எது எங்கே இருக்கிறது என்று அறியக் கோணம் மாற்றி மீண்டும் எடுக்க வேண்டும். 1895இல் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பிறகு முக்கால் நூற்றாண்டுக் காலம் மருத்துவர்களுக்கும் இதே தொல்லைதான். உடலைச் சுற்றி எல்லாக் கோணங்களிலிருந்தும் கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் மிஞ்சுகிறது என்று அளந்து, கணக்குப் போட்டு உள்ளே இருப்பதை மீட்டெடுக்கலாம் என்பதை இயற்பியலாளர் ஆலன் கார்மாக் 1963, 1964ஆம் ஆண்டுகளில் கட்டுரைகளாக எழுதினார். அதைத் தனியே சிந்தித்துக் கருவியாகவே செய்து காட்டியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். இசைத்தட்டுகளால் ஊரறிந்த இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் இலண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளையில் கட்டி இருக்கலாம் என்று ஐயுற்ற ஒரு பெண்ணுக்கு முதல் ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஒரு சுற்றுப் படத்துக்கே சில நிமிடங்கள் பிடித்தன. படம் 80க்கு 80 கட்டங்கள் மட்டுமே கொண்டது. 1979இல் கார்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பட்டறையில் வளர்ந்தவனுக்கு இதில் மகிழ்ச்சி தரும் செய்தி, ஹவுன்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர் என்பதே. உங்கள் ரிப்போர்ட்டுகளில் திசுக்களின் அடர்த்தியைக் குறிக்க வரும் எண்கள் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கின்றன: தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கொழுப்பு கழித்தல் 100 அளவில், எலும்பு கூட்டல் பல நூறு.

இனி என் கேள்விகளுக்கு வருகிறேன். மேசை முன்னே சென்று பின்னே வந்தது. கருவியின் குரல் மூச்சை அடக்கச் சொன்னது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மருந்து ஏறியது, மேசை மீண்டும் முன்னே சென்றது. சில நொடிகளில் இன்னொரு முறை. பிறகு நீண்ட இடைவெளி, எவரும் வரவில்லை, மறுபடியும் ஒரு முறை. தொழிற்சாலையில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறார்கள் என்றால் இரண்டே பொருள்தான் உண்டு: ஃபிலிம் சரியாக விழவில்லை, அல்லது பெரிய குறை ஒன்று தென்பட்டுவிட்டது. அந்த நீண்ட இடைவெளியில், கண்ணாடிக்குப் பின்னால் அவர்கள் என் கல்லீரலைப் பார்த்து ஆலோசனை செய்துகொண்டிருக்கிறார்கள் என்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

உண்மையில் அது திட்டப்படி நடந்த பரிசோதனை. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும் எஞ்சியது தமனி வழியாகவும் வருகிறது. புற்றுக்கட்டிகள் பல பெரும்பாலும் தமனி இரத்தத்தையே குடித்து வளர்வதால், கையில் செலுத்திய மருந்து தமனி வழியே கல்லீரலை அடையும் அரை நிமிட அளவில் ஒரு படம், சிரை வழியே நிறையும் ஒரு நிமிடம் கடந்த வேளையில் ஒரு படம், சில நிமிடங்கள் கழித்து மருந்து வடியும்போது ஒரு படம் என மூன்று கட்டங்களாக எடுத்து ஒப்பிடுகிறார்கள். ஹெமாஞ்சியோமா என்னும் தீங்கற்ற இரத்த நாள முடிச்சு விளிம்பிலிருந்து மெதுவாக உள்நோக்கி நிறைவதால், அந்தக் கடைசிப் படமே அதைக் காட்டிக்கொடுக்கிறது. என் கல்லீரலில் இருந்தது அதுதான். நான் அஞ்சி நடுங்கிய அந்த நீண்ட இடைவெளிதான் எனக்கு நல்ல செய்தியைத் தந்த இடைவெளி. "மருந்து பரவுவதைப் பார்க்க மூன்று முறை எடுப்போம், நடுவில் சில நிமிடம் காத்திருப்போம், பயப்படாதீர்கள்" என்று சொல்லப் பத்து நொடி போதும்.

மருந்து ஏறும்போது என்ன உணர்வு வரும் என்பதும் இதே வகைதான். அயோடின் கலந்த அந்த மருந்தைக் கருவி அழுத்தத்தோடு, நொடிக்குச் சில மில்லிலிட்டர் வேகத்தில் செலுத்துகிறது. தொண்டையில் ஒரு வெப்பம், வாயில் உலோகச் சுவை, பிறகு அடிவயிற்றில் வெதுவெதுப்பாகப் பரவி, சிறுநீர் கழிந்துவிட்டதோ என்று எண்ண வைக்கும் ஓர் உணர்வு. இது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வருவது, ஒரு நிமிடத்தில் போய்விடுவது. முன்கூட்டிச் சொல்லப்படாத ஒரு பெண், அதுவும் வயதானவர், அந்த நேரத்தில் வெட்கத்தால் உடலை அசைத்தால் படம் கெடும். மாறாக, கையில் ஊசி ஏறிய இடத்தில் சுருக்கென்று வலித்து வீங்கினாலோ, தொண்டை இறுகினாலோ, உடம்பெங்கும் அரித்தாலோ உடனே குரல் கொடுக்க வேண்டும். எது வழக்கம், எது ஆபத்து என்று அறியாதவர் இரண்டுக்கும் பேசாமல் படுத்திருப்பார். உள்ளே பேசினால் வெளியே கேட்கும் என்பதையே எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்தது மூச்சு. கருவியிலிருந்து வந்த பதிவுக் குரல் ஆங்கிலத்தில், அதுவும் நம் காதுக்குப் பழகாத உச்சரிப்பில், மூச்சை இழுத்து நிறுத்தச் சொன்னது. எனக்குப் புரிந்தது. எனக்கு முன்னால் சென்று வந்த மூதாட்டிக்குப் புரியவில்லை. "ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது, நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன்" என்று வெளியே வந்து மகளிடம் சொன்னார். அவர் மூச்சுவிட்டுக்கொண்டே இருந்திருப்பார். நெஞ்சும் கல்லீரலும் மூச்சோடு மேலும் கீழும் நகர்பவை. படம் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் அவை நகர்ந்தால் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும், சிறு புள்ளிகள் மறைந்துபோகும், சில வேளைகளில் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். மீண்டும் எடுப்பது என்றால் மீண்டும் கதிர். ஆகவே நோயாளிக்குப் புரியாத கட்டளை, அவர் உடலில் தேவையற்ற கதிர்வீச்சாகவே சென்று முடிகிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை உள்ளூர்க் குரலைப் பதிவு செய்துகொள்ள வசதி உள்ளவை. உங்கள் பணியாளர் ஒருவரின் தெளிவான தமிழில் நான்கு வாக்கியங்களைப் பதிவு செய்ய அரைமணி நேரம் ஆகாது. வட சென்னையில் அதோடு நின்றுவிடவும் கூடாது. தெலுங்கும் உருதும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. சௌகார்பேட்டையில் இந்தி பேசுவோர் உண்டு. துறைமுகத்தையும் தொழிற்பேட்டைகளையும் நம்பி வந்த வட மாநிலத் தொழிலாளர்கள் உண்டு. அறைக்கு வெளியே ஒருமுறை மூச்சை அடக்கிப் பழகிப் பார்க்கச் சொன்னால் பதிவுக்குரலே தேவைப்படாது என்பது என் எண்ணம்.

படிவத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தபோது அதில் கடல் உணவு ஒவ்வாமை உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. காசிமேடும் திருவொற்றியூர்க் குப்பங்களும் உள்ள ஊரில் இந்தக் கேள்வி செய்யும் வேலையை எண்ணிப் பாருங்கள். இறால் தின்றால் அரிக்கும் என்று சொல்பவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். அந்த அரிப்பு இறாலின் புரதத்தால் வருவது, அயோடினால் வருவதல்ல என்பதும், கடல் உணவு ஒவ்வாமை உள்ளவருக்காகத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை என்பதும் அமெரிக்கக் கதிரியல் கல்லூரி வெளியிடும், ஸ்கேனுக்காக ஏற்றும் இந்தக் காண்ட்ராஸ்ட் மருந்து பற்றிய கையேட்டில் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் பழைய படிவம் நகலெடுக்கப்பட்டு நகலெடுக்கப்பட்டு நம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. உண்மையில் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை வேறு: இதே மருந்து முன்பு ஏற்றப்பட்டு ஏதாவது கோளாறு வந்ததா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா, பெண்களாக இருந்தால் கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பத்துப் பேர் நடுவே கவுன்டரில் வைத்துக் கேட்காமல் தனியே அழைத்து, பெண் பணியாளர் ஒருவர் கேட்பது நல்லது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரையை எல்லாரும் நிறுத்த வேண்டும் என்று சிலரும், யாரும் நிறுத்த வேண்டாம் என்று சிலரும் சொல்லி அனுப்புகிறார்கள். அதே அமெரிக்கக் கையேட்டின்படி சிறுநீரகம் ஒழுங்காக இயங்குபவர் நிறுத்த வேண்டியதில்லை. சிறுநீரக வடிகட்டும் திறன் (இரத்தச் சோதனையில் eGFR என்று வரும் எண்) 30க்குக் கீழே உள்ளவரும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவரும் மருந்து ஏற்றும் வேளையில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரக நிலையைப் பார்த்த பின்னரே தொடர வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனை எதற்காக எடுக்கப்படுகிறது என்பது இப்படிச் சொன்னால்தான் விளங்கும். இல்லையென்றால் அது காசு பிடுங்கும் வேலை என்றே பேசிக்கொள்வார்கள், பேசிக்கொண்டார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதும் அப்படித்தான். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, உண்ணாமல் வந்து, உச்சிப்பொழுது வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு ஸ்கேனைவிட அந்தக் காத்திருப்பே ஆபத்து. ஐரோப்பாவின் யூரோஜெனிட்டல் (சிறுநீர், இனப்பெருக்க உறுப்புகள்) கதிரியல் சங்கத்தின் வழிகாட்டி இந்த மருந்துக்காகப் பட்டினி தேவையில்லை என்கிறது. வேறு காரணத்துக்காக உங்களுக்கு வெறும் வயிறு தேவைப்பட்டால் எத்தனை மணி நேரம், தண்ணீர் குடிக்கலாமா, மாத்திரையை என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களை வரிசையில் முன்னே விடுங்கள்.

இப்போது கதிரின் அளவு. இந்த ஒன்றில் எனக்கு வருத்தத்தைவிடக் கோபமே அதிகம்.

தொழிற்சாலையில் ரேடியோகிராஃபி செய்பவர் நெஞ்சில் டி.எல்.டி. பேட்ஜ் அணிந்திருப்பார். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய், அவர் வாங்கிய கதிரின் அளவு அவர் பெயரில் பதிவாகும். 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அத்தகைய பணியாளர் ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு) மேல் வாங்கக் கூடாது, எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் மையங்களின் கருவிகளுக்கும் பணியாளர்களுக்கும் அதே வாரியம்தான். நோயாளிக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை. இருக்கவும் கூடாது, ஏனெனில் தேவையான பரிசோதனையை ஓர் எண்ணைக் காட்டித் தடுத்தால் உயிருக்கே கேடு வரலாம். வரம்புக்குப் பதிலாக நோயாளிக்கு உரியவை இரண்டு: இந்தப் பரிசோதனை அவசியமா என்ற ஆராய்ச்சியும், அவசியமானால் குறைந்த அளவில் எடுக்கும் கவனமும். இவை இரண்டும் நடந்தனவா என்று அவர் எப்படி அறிவார்?

நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. தலை சி.டி.க்கு 2 அளவில், நெஞ்சு சி.டி.க்கு 6 அளவில், வயிறும் இடுப்பும் சேர்த்து எடுத்தால் 8 முதல் 10 வரை. எனக்கு எடுத்ததைப் போன்ற பல கட்ட ஸ்கேனில் 20ஐத் தாண்டவும் கூடும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் உலக மனிதர் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் இயற்கையாகவே பெறுகிறார் என்பதோடு ஒப்பிட்டால், இவை அலறி ஓட வேண்டிய அளவுகள் அல்ல என்பதும் புரியும், விளையாட்டாக மீண்டும் மீண்டும் எடுக்கத்தக்கவை அல்ல என்பதும் புரியும். நம் பகுதியில் இரண்டு தரப்பும் உண்டு. ஸ்கேன் எடுத்தால் புற்றுநோய் வரும் என்று அஞ்சி, தலையில் அடிபட்ட பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்களும் உண்டு. தலைவலி என்றாலே சி.டி. எழுதித் தாருங்கள் என்று மருத்துவரை வற்புறுத்துகிறவர்களும் உண்டு. அளவைச் சொல்லாத வரை இருவரையும் திருத்த வழியில்லை. கருவி அணைந்ததும் கதிர் நின்றுவிடுகிறது, உடம்பில் எதுவும் தங்குவதில்லை, மருந்தும் சிறுநீரகம் சரியாக உள்ளவருக்கு ஏறத்தாழ ஒரு நாளில் வெளியேறிவிடுகிறது என்ற எளிய உண்மைகூட வெளியே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. "குழந்தையைத் தூக்கலாமா?" என்று ஒரு பாட்டி கேட்டார். தாராளமாகத் தூக்கலாம் என்று அவருக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இந்த அளவைக் கணக்கிட நீங்கள் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் கருவி தானாகவே ஒரு பக்கத்தை உருவாக்குகிறது, அதில் அந்த ஸ்கேனின் மொத்தக் கதிர் அளவைக் காட்டும் டி.எல்.பி. என்ற எண் இருக்கிறது. வயிற்றுக்கு அதை 0.015ஆல் பெருக்கினால் ஏறத்தாழ மில்லிசீவர்ட் கிடைக்கும்; டி.எல்.பி. 600 என்றால் 9 மில்லிசீவர்ட். அந்த எண்ணை ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரியாக அச்சிட்டால், அடுத்த முறை ஸ்கேன் எழுதும் மருத்துவருக்கும் முந்தைய கணக்கு தெரியும். தொழிலாளியாக இருந்தால் பதிவு உண்டு, நோயாளியாக வந்தால் பதிவு இல்லை என்ற நிலை நியாயமாகப் படவில்லை.

ஃபிலிமோடு நிறுத்தாமல் முழுப் படத் தொகுப்பையும் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ கேட்காமலே கொடுத்துவிடுங்கள். பழைய படம் கையில் இல்லை என்பதற்காகவே வேறு மருத்துவமனையில் மீண்டும் எடுக்கப்படும் ஸ்கேன்கள் உண்டு.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பை நான் அறிவேன். கூட்டம் அதிகம், ஆள் குறைவு, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மோதி வரும் ஒருவருக்காக எல்லா வரிசையும் நின்றுபோகும், இதில் ஒவ்வொருவரிடமும் பேச நேரம் எங்கே என்று கேட்பீர்கள். உண்மைதான், விபத்தில் வந்தவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான் பேசுவது முன்பதிவு செய்து, மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் பற்றி. அந்த நேரம் எங்களிடம் ஏராளமாக இருக்கிறது. நான் இருந்த கூடத்துச் சுவரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி தொடர் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தது. அதிலேயே, உங்கள் மையத்தின் அதே அறையை, அதே மேசையை, அதே தொழில்நுட்பரைக் காட்டி மூன்று நிமிடப் படம் ஒன்றை ஓட்டலாம். ஊசிக்குழாய் ஏற்றும் செவிலியர் கையைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்திலேயே மருந்தின் வெப்பத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம். படிவத்தைத் தமிழில் அச்சிட ஆகும் செலவு, ஒரு ஃபிலிமின் விலைக்கு மேல் வராது.

இளம் தொழில்நுட்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்களில் பலர் இந்தப் பகுதியின் பிள்ளைகள். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் பாட்டியிடம் எப்படிப் பேசுவீர்களோ அந்தத் தமிழே போதும். "அம்மா, ரெண்டு கையையும் மேல வையுங்க, உடம்பு சூடாகும், பயப்படாதீங்க, நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்" என்று சொல்ல எந்தச் சுற்றறிக்கையும் வர வேண்டியதில்லை.

மைய நிர்வாகிகளிடம் நான் வேண்டுவது, இவற்றில் எதையேனும் ஒன்றை இந்த மாதமே தொடங்குங்கள் என்பதுதான். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், மூச்சுக் கட்டளையைத் தமிழில் பதிவு செய்வதிலிருந்து என்பேன். அதற்குச் செலவு இல்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம், மறுநாள் காலை முதல் நோயாளியிடமே அதன் பலன் தெரியும். தமிழ்ப் படிவம் ஒன்றை எழுதிப் பார்த்திருக்கிறேன். மருத்துவச் செய்திகளைக் கதிரியல் மருத்துவர் ஒருவர் சரிபார்த்துத் தந்தால், எந்த மையமும் அதைத் தன் பெயரிட்டு இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஸ்கேனுக்கு வரும் முதியவர்கள் அதைப் படித்துப் புரிந்துகொள்கிறார்களா என்று கூடத்தில் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வெல்டிங் மேற்பார்வையாளர் ஒருவர்,
திருவொற்றியூர்.